ரோஸி அக்காவுக்கு எதிராக நான் செய்த ஜெபம்

என் அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், கோயில் சாவிக்கொத்தை இன்னொருத்தியின் இடுப்பில் பார்த்தேன். அம்மா செருகும் அதே இடது பக்கம். நடக்கும்போது அதே சத்தம். ராயபுரத்தில் எங்கள் தெரு முனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மாதான் வருகிறாள் என்று ஒரு நொடி திரும்பிவிட்டேன். திரும்பினால் ரோஸி அக்கா.

எனக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. அது அணைய ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் நான் என்னவாக இருந்தேன், கடவுள் எனக்கு என்ன செய்தார் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. அம்மா பெயர் லூர்து மேரி. எங்கள் பழைய மாதா கோயிலைக் கூட்டித் துடைக்கிற வேலை அம்மாவுக்கு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வேலைதான். அப்பா நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே எங்களை விட்டுப் போய்விட்டார். போன வருடம் தவக்காலத்தில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். மாதா பீடத்தின் முன் முழங்கால் தேய நான் வேண்டினேன். சனிக்கிழமை நவநாள் ஜெபத்தில் ஒவ்வொருவராக வந்து மைக்கில் நன்றி சொல்வார்கள். குழந்தை பிறந்தது, விசா கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் பின்னால் உட்கார்ந்து அவர்கள் எல்லோரையும் வெறுத்தேன். ஜூலை மாதம் அம்மா போய்விட்டாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மாவின் வேலையை எங்கள் பாதிரியார், பங்குச் சாமி, முதலில் என்னிடம்தான் கேட்டார். எனக்கு வேண்டாம் என்றேன். திருவொற்றியூரில் ஒரு தையல் கம்பெனியில் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிறேன். கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு போகிற வேலை. துடைப்பம் பிடிக்க வெட்கம். அதனால்தான் அம்மாவுக்குக் கூடமாட உதவ வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வந்துகொண்டிருந்த ரோஸி அக்காவுக்கு அது போனது. நான் வேண்டாம் என்றதை அவள் எடுத்துக்கொண்டாள். அதற்கே எனக்குப் பொறாமை.

அந்தக் கோயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் மணிக்கூண்டும் கூரான வளைவுகளும்தான் தெரியும். உள்ளே இருப்பதை அம்மா எனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் கரைக்கு வராதாம், தூரக் கடலிலேயே நின்றுவிடுமாம். ஆணியே இல்லாமல் கயிறால் தைத்த படகுகளில் அலையைத் தாண்டிப் போய், மூட்டைகளையும் மனிதர்களையும் கரைசேர்த்தவர்கள்தான் இந்தக் கோயிலைக் கட்டினார்களாம். ஒவ்வொரு நடைக்கும் கிடைத்த கூலியில் ஒரு பங்கை மாதாவுக்கென்று எடுத்து வைத்தார்களாம். தரையில் இருக்கும் கறுப்புக் கல், சரக்கு இல்லாமல் வந்த கப்பல் ஆடாமலிருக்க அதன் அடியில் பாரமாகப் போட்டு வந்தது என்பாள் அம்மா. சுவர் ஒரு ஆள் குறுக்கே படுக்கிற அகலம். எங்கேயும் சிமெண்ட் கிடையாது, இரும்புக் கம்பி கிடையாது. கூரைக்குத் தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். இதையெல்லாம் நான் எங்கள் சொத்து மாதிரி நினைத்திருந்தேன். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது என்று.

செப்டம்பரில் மாதா திருவிழாக் கொடி இறங்கிய அடுத்த ஞாயிறு, கேமராவும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டம் கோயிலைச் சுற்றிப் பார்க்க வந்தது. பழைய கட்டடங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள். பூசை முடிந்து நான் பின் பெஞ்சில் இருந்தேன். கண்ணாடி போட்ட ஒருவர் தூணைத் தடவி, "இது மார்பிளா?" என்று கேட்டார்.

ரோஸி அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். "இன்னா சார் மார்பிளு. தட்டிப் பாருங்கோ. உள்ள செங்கல்லு, மேல சுண்ணாம்பு. முட்ட வெள்ளக்கரு ஊத்தி அரைச்சு அரைச்சு பூசிகிறாங்கோ. இந்த ஒரு தூணு எத்தினி ஆம்லெட்ட துன்னுகீதோ."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த ஆம்லெட் என் அம்மாவுடையது. அவள் அதைச் சொல்லும்போது புருவத்தைத் தூக்குவாள். இவளும் தூக்கினாள். கூட்டம் போனதும் நான் நேராக அவளிடம் போனேன்.

"அக்கா, அது எங்கம்மா சொல்றது."

"ஆமாமே, லூர்தக்கா சொன்னதுதான். நல்லாகீது இல்ல? எல்லாம் சிரிச்சிகினு போறாங்க பாரு."

மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் ஒப்புக்கொண்டாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நான் கம்பெனிக்குப் போய்விடுவேன். பகலெல்லாம் பக்கத்தில் இருந்தது ரோஸி அக்காதான். அப்போதுதான் அம்மா இவளிடம் எல்லாக் கதையையும் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் கடைசிப் பகல்கள் எனக்குக் கிடைக்கவில்லை. இவளுக்குக் கிடைத்தன. இதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைவிட இன்னொன்று. ரோஸி அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவளுக்கு அம்மா இருந்தார்கள். தினமும் மதியம் பஸ் பிடித்து வந்து கோயில் படியில் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். "நல்லா துன்னுடி, எலும்பா கீற" என்று மகளைத் திட்டுவார்கள். வெள்ளிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. எதிர்ச் சுவர் ஓரம் நின்று நான் அதைப் பார்ப்பேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு அம்மா இல்லை. இந்தக் கிழவிக்கு என்ன அவசரம், தினமும் வருகிறாள் என்று தோன்றும். என்னைப் பார்த்தால் "வா பொண்ணு, ஒரு வாய் துன்னு" என்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் நேராக மாதா பீடத்துக்குப் போனேன். மெழுகுதிரி கூட ஏற்றவில்லை. "மாதாவே, எங்கம்மாவ எடுத்துகினே. இவளையும் இங்கேர்ந்து எடுத்துடு" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் மனது லேசானது. அதுதான் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

இனி கோயில் கூரையில் இருந்த ஒரு ஓட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் இறங்க இரண்டே வழி. ஒன்று தெருப் பக்கம், யார் கண்ணுக்கும் தெரியும். இன்னொன்று, பீடத்துப் பக்கம் சரிகிற தண்ணீருக்கு, அந்த மூலையில் கைப்பிடிச் சுவரின் அடியில் ஒளிந்திருக்கும். புறா அதில் கூடு கட்டும். அரச இலை அடைக்கும். குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டால்தான் சுத்தமாகும். பெரியவர்கள் கை உள்ளே போய் மடங்காது. அதனால் என் பத்து வயதிலிருந்து அது என் வேலை. ஒவ்வொரு வருடமும் அக்டோபர், ஜெபமாலை மாதம், பிறப்பதற்கு முன்பே அம்மா என்னை மேலே கூட்டிப் போவாள். "நடுவுல நடக்காத, செவுரு ஓரமாவே வா" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவாள். சுண்ணாம்புக் கூரைக்கு ஒரே எதிரி நிற்கிற தண்ணீர்தான் என்பாள்.

செப்டம்பர் கடைசியில் ரோஸி அக்கா என்னைத் தெருவில் நிறுத்தினாள்.

"ஏ ஸ்டெல்லா, மேல இன்னாவோ ஒரு வேல கீதாமே. எம்பொண்ணு பாத்துக்கும், நீ மேல ஏறாத, உனுக்கு தல சுத்தும்னு லூர்தக்கா சொல்லிச்சு. எப்ப வர்ற?"

"ஆச்சு. போன வாரமே பண்ணிட்டேன்" என்றேன்.

பொய். நான் ஏறவே இல்லை. கூரை ஒழுகட்டும், லூர்து மேரி இருந்தவரை இப்படி ஒழுகியதில்லை என்று எல்லோரும் சொல்லட்டும், சாமி இவளை நிறுத்தட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. சத்தியமாக அதற்கு மேல் நினைக்கவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்து சில வாரம் கழித்துப் புயல் மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். கம்பெனிக்கு லீவு விட்டார்கள். எங்கள் வீட்டுத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இந்நேரம் மேலே குளம் மாதிரி நிற்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் நாள் மதியம் கோயில் உபதேசியார் அந்தோணி அண்ணன் போன் செய்தார்.

"ஸ்டெல்லா, சீக்கிரம் ஓடியா. மேல எப்டி நடக்கறதுன்னு உனுக்குத்தான் தெரியும். ரோஸி மாட்டிகிச்சு."

ஓடினேன். கோயிலுக்குள் நுழைந்ததும் ஒரு கிழவியின் அழுகை கேட்டது. ரோஸி அக்காவின் அம்மா. தூக்குச்சட்டி தரையில் உருண்டு கிடந்தது. அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். இரண்டு உத்திரங்களுக்கு நடுவே, கூரையிலிருந்து ஒரு கால் தொங்கியது. தொடைவரை. கொலுசோடு. அந்தக் காலைச் சுற்றித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே கறுப்புக் கல் தரை. மூன்று மாடி உயரம் இருக்கும்.

உள்ளே ஒழுகியதைப் பார்த்து, நடந்தது என்னவென்று பார்க்க ரோஸி அக்கா மேலே ஏறியிருக்கிறாள். சுவர் ஓரமாக நடக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நேராக நடுவில் நடந்திருக்கிறாள்.

மணிக்கூண்டுச் சுழல்படியில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. எடுத்துடு என்று கேட்டேன். மாதா எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் கேட்டதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

மேலே கணுக்காலுக்கு மேல் தண்ணீர். நடுவில் ரோஸி அக்கா ஒரு காலை மடக்கி, ஒரு கால் கூரைக்குள் போய், இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"கிட்ட வராதமே" என்றாள். "நீ வேற குண்டு. வந்தின்னா ரெண்டு பேரும் கீழதான்."

"அக்கா, அசையாத."

"அசையறதா? கீழ மரம் மொனகுது. எனுக்கு கேக்குது." மூச்சு வாங்கினாள். "நீதான் சுத்தம் பண்ணிட்டியே ஸ்டெல்லா. அப்பால எப்டி தண்ணி நிக்குது? புறா திருப்பியும் கட்டிகிச்சா? அந்தோணிகிட்ட சொன்னேன், அந்த பொண்ண ஒண்ணும் சொல்லாத, அது அதும் வேலய பண்ணிடுச்சுன்னு."

சுவரின் மேலேயே காலை வைத்து வைத்து மூலைக்குப் போனேன். தண்ணீரில் குப்புறப் படுத்தேன். கன்னம் கைப்பிடிச் சுவரில் அழுந்த, கையை ஓட்டைக்குள் விட்டேன். போன வருடமே திருகித் திருகித்தான் போன கை இப்போது முழங்கையில் நின்றுவிட்டது.

தண்ணீர் பாரம்தான் அந்தக் கூரையை அழுத்துகிறது. தண்ணீர் இறங்கினால் அவள் பிழைப்பாள். என் கை போகவில்லை. அப்போதுதான் ஜெபித்தேன். அழகான ஜெபம் ஒன்றும் இல்லை. "மாதாவே, நான் அன்னைக்கி கேட்டத குடுக்காத. எங்கம்மாவ கேட்டேன், நீ குடுக்கல. இதையும் குடுக்காத. இந்த ஒரு தபா குடுக்காத." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லிக்கொண்டே தோளைத் திருகித் தள்ளினேன். தோல் உரிந்தது. எலும்பு உடைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு தள்ளு தள்ளினேன். கை உள்ளே போய்விட்டது.

எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் அதே ஓட்டையில் விட்டுப் பார்த்தேன். முழங்கையைத் தாண்டவில்லை.

விரலில் முதலில் வேர் தட்டுப்பட்டது. பிய்த்தேன். பிறகு சுள்ளி, இறகு, அழுகிய இலை. பிளாஸ்டிக் பை ஒன்று. அதை இழுத்ததும் ஓட்டை பெருமூச்சு விட்டது மாதிரி ஒரு சத்தம். என் கையைச் சுற்றித் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

"போவுது அக்கா. தண்ணி போவுது."

"போவட்டும். எனுக்கு காலு இருக்கா இல்லியான்னே தெரியல. எங்கம்மா கீழ கீதா?"

"கீறாங்க."

"துன்ன சொல்லு. நா வர லேட்டாவும்."

அந்தோணி அண்ணன் கொடுத்த குரலில் மீனவர் குப்பத்திலிருந்து தேசப்பன் அண்ணனும் நாலைந்து பேரும் படகுக் கயிறோடு வந்துவிட்டார்கள். அவர்கள் மாதா கோயில் ஆட்கள் இல்லை. அம்மன் கோயில் ஆட்கள். ஆனால் கடலுக்குப் போகும்போது எங்கள் மணிக்கூண்டைப் பார்த்துத்தான் கரையை அடையாளம் வைப்பார்கள். கோயில் ஏணியை வெளிப்பக்கமாகக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். நீர் வடிந்து கூரை தெரியத் தொடங்கியபோது, ஏணியை இந்தச் சுவரிலிருந்து உத்திரத்தின் மேலாகப் படுக்கவைத்தார்கள். தேசப்பன் அண்ணன் அதில் தவழ்ந்து போய், அவள் அக்குளில் கயிறு போட்டார்.

"இன்னா ரோஸி, கோயிலுக்குள்ள வர்றதுக்கு வாசல் இல்லியா உனுக்கு" என்றார். வலியிலும் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது.

தூக்கிவிட்டார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. பிறகு வந்து பார்த்த இன்ஜினியர், ஒரு குறுக்குச் சட்டம் சுவருக்குள் உளுத்துப்போயிருந்தது என்றார். இன்னும் ஒரு மணி நேரம் அந்தப் பாரம் நின்றிருந்தால் அந்தப் பக்கமே விழுந்திருக்கும் என்றார்.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஞாயிறு பூசையில் சாமி என் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். நான் ஆசைப்பட்ட எல்லாம் கிடைத்தது. லூர்து மேரி பெண் லூர்து மேரி பெண்தான் என்றார்கள். நான் பக்க வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். அன்று மாலையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாமி மன்னிப்புக் கொடுத்தார். பிறகு, "ரோஸிகிட்டயும் போய்ச் சொல்லும்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் காலில் கம்பி வைத்துக் கட்டிப் படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா ஆரஞ்சுச் சுளை உரித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். பொய் சொன்னதை, ஏறாததை, மாதாவிடம் கேட்டதை. ரோஸி அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அம்மாதான் பேசினார்கள். கத்தவில்லை.

"ஏண்டி பொண்ணு. உனுக்கு அம்மா இல்லன்னா, எனுக்கு பொண்ணு இருக்கக் கூடாதா?"

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். யாரும் என்னை எழுப்பவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்து நான்கு மாதம் கோயிலை நான் கூட்டினேன். கம்பெனிக்குப் போகும் முன்பு விடியற்காலையில். வெட்கமாக இல்லை. அம்மாவின் கை பட்ட தூண்களைத் துடைக்கும்போது அம்மாவிடம் பேசினேன். சாமி ஒரு நாள், "நீயே இருந்துடறியா? ரோஸிக்கு வேற எதாவது பாக்கலாம்" என்று கேட்டார். எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. அந்தப் பழைய ஜெபம் வேறு வழியில் வந்து வாசலில் நிற்கிறது என்று புரிந்தது. "இல்ல சாமி. அக்கா கால் ஆறுற வரைக்கும்தான்" என்றேன். சொல்லும்போது வயிறு எரிந்தது. அதையும் மறைக்கவில்லை.

ரோஸி அக்கா என்னோடு பேசவில்லை. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று தடியூன்றி வந்தாள். நான் தூணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஈரத் துணியால தொடைக்காதமே. சுண்ணாம்பு பொரிஞ்சிடும். லூர்தக்கா உனுக்கு இது கூட சொல்லலயா?" என்றாள். சுருக்கென்றது. எனக்குத் தெரியாத ஒன்றை என் அம்மா இவளுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் காய்ந்த துணியை எடுத்து வந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து துடைத்தோம்.

இப்போது கூரையில் புதுச் சட்டம் மாற்றி, மறுபடி செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிவிட்டார்கள். மூலை ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்கள். கதைகளை ரெண்டு பேரும் சொல்கிறோம். சில நாள் அவள் சொல்வதற்கு என்னைவிடச் சிரிப்பு அதிகம் வருகிறது. அப்போது அந்தப் பழைய எரிச்சல் எட்டிப் பார்க்கும். உடனே மாதாவிடம் போய், இதோ வந்திருக்கிறது என்று காட்டிவிடுகிறேன்.

என் அம்மாவை ஏன் தரவில்லை என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ரோஸி அக்காவைப் பற்றி நான் கேட்டதைத் தராமல் விட்டதற்கு, என் உயிர் உள்ளவரை கடவுளுக்கு நன்றி சொல்வேன். நவநாளில் மைக்கில் நின்று எல்லோரும் கிடைத்ததைச் சொல்கிறார்கள். நான் கிடைக்காமல் போனதைச் சொல்ல வந்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது, இன்னொருவர் மேல் அப்படி ஒரு ஜெபம் உள்ளே இருந்தால் அதை ஒளிக்காமல் கடவுளிடம் கொண்டு போங்கள். அவரை நம்பிச் சொல்லுங்கள். நாம் கேட்கிற கெட்டதைத் தூக்கி எறிய அவருக்குத் தெரியும். ஆனால் சொல்லிவிட்டு எழுந்து போகும்போது, அந்த ஆளுக்காக நீங்கள் செய்ய வேண்டிய வேலை எதையாவது வேண்டுமென்றே செய்யாமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் இன்றைக்கே போய்ச் செய்துவிடுங்கள். நான் மழை வரும்வரை விட்டேன்.